கணப்பில் தீயிடுமுன்

மலைநாட்டுக்குச் சென்று வந்த நேயர்கள் அங்குள்ள பழைய தோட்டத்துப் பங்களாக்களைக் கண்டிருப்பார்கள். அட்டன், நுவரெலியா, அப்புத்தளை, பண்டாரவளை முதலிய இடங்களிலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, தகரக் கூரைக்கு மேலாக ஒன்றோ இரண்டோ கற்புகைபோக்கிகள் எழுந்து நிற்கும். உள்ளே சென்றால், வரவேற்பறைச் சுவரில் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைத்த ஒரு கணப்பைக் காணலாம். யாழ்ப்பாணத்து வெயிலிலும் மட்டக்களப்புக் காற்றிலும் வளர்ந்தவர்களுக்கு, விருந்தினர் அமரும் அறையில் அடுப்பு எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே உள்ளது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையிலே அங்கு புல்நுனியில் உறைபனி படிவதுண்டு.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, துரைமாரின் பங்களாக்களும் பெருகின. அவர்கள் தம் நாட்டு வழக்கப்படி அவற்றிலே கணப்புகளை அமைத்துக் கொண்டனர். பின்னர், 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் வந்த காணிச் சீர்திருத்தங்களினாலே தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இம் மாற்றங்களுக்கிடையே பல பங்களாக்கள் ஆள் மாறின. சில பூட்டிக் கிடந்தன. சில இன்று உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. நெடுங்காலமாகத் தீயைக் காணாத கணப்பின் முன்னே ஒரு பூச்சாடியை வைத்து அழகு பார்த்தவர்களும் உளர். அத்தகைய வீட்டிலே ஒரு குளிர்ந்த மாலைப்பொழுதில், "இதிலே கொஞ்சம் விறகை மூட்டினால் என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். ஆபத்து அந்தக் கேள்வியிலேதான் தொடங்குகிறது.

பழைய புகைபோக்கி நன்றாக இருக்கிறதா என அறிவதற்கு, ஒரு தீ மூட்டிப் பார்ப்பதே வழி என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தீ மூட்டுதல் பரிசோதனையின் முதற்படியன்று, அதுவே இறுதிப்படி. அதற்கு முன் செய்யவேண்டியவற்றை ஒழுங்கு முறையிலே எடுத்துக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் கணப்பு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைப் பார்ப்போம். சூடான வாயு குளிர்ந்த காற்றிலும் இலேசானது, ஆதலால் மேலெழுகிறது. புகைவழி எனப்படும் உயர்ந்த குழாயினுள் சூடான வாயு நிரம்பியதும், அறையிலுள்ள குளிர்ந்த காற்று அதன் அடியைத் தள்ளிக்கொண்டு உட்புகுகிறது. இவ்வாறு உண்டாகும் இழுப்பே புகையை வெளியேற்றுகிறது. கணப்பின் வாய் அகன்றும் புகைவழி ஒடுங்கியும் இருந்தால் இழுப்புப் போதாது. வாயின் பரப்பிலே எட்டில் ஒரு பங்கு முதற் பத்தில் ஒரு பங்கு வரை புகைவழியின் உட்பரப்பு இருக்கவேண்டுமென்பது கட்டடக் கலைஞர் கைக்கொள்ளும் அளவு. றம்போட் பிரபு என்ற விஞ்ஞானி, 1796ஆம் ஆண்டளவிலே, கணப்பின் பக்கச் சுவர்களைச் சரிவாக அமைத்து, மேலுள்ள தொண்டையை ஒடுக்கினால், புகை அறைக்குள் திரும்பாது; வெப்பமும் அறைக்கு மிகுதியாகக் கிடைக்கும் என எடுத்துக் காட்டினார். அவருக்குப் பின் வந்த கணப்புகள் பலவற்றில் அவ்வமைப்பைக் காணலாம்.

பயன்படுத்தாத புகைபோக்கி ஓய்வெடுத்துக் கொண்டிருக்கிறது என்று கருதலாகாது. மழைநீர் அதனுட் பெய்கிறது. பழைய புகைக்கரியோடு கலந்து அமிலத்தன்மை பெற்று, சுண்ணாம்புச் சாந்தை அரிக்கிறது. பறவைகள் கூடு கட்டுகின்றன. சாந்து உதிர்கிறது; செங்கல் கழன்று விழுகிறது. இவற்றால் விளையும் கேடுகள் மூன்று. புகைவழி அடைபட்டிருந்தால் நச்சு வாயு அறைக்குத் திரும்பும். புகைவழி வெடித்திருந்தால் நெருப்பும் வாயுவும் கூரை மரங்களுக்கும் அடுத்த அறைகளுக்கும் செல்லும். பழைய கரிப்படிவு எஞ்சியிருந்தால் அது தானே தீப்பற்றிக் கொள்ளும். இம் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்வன. ஆகையால், நாம் காணும் கணப்பைவிட, காணாத புகைவழியே நமது கவனத்துக்கு உரியது.

பரிசோதனையை வீட்டுக்கு வெளியிலிருந்து தொடங்குக. முற்றத்தில் நின்று, கிடைக்குமாயின் ஒரு தொலைநோக்கியின் உதவியோடு, புகைபோக்கியை நாற்புறமும் பார்க்கவேண்டும். அது நேராக நிற்கிறதா? ஒருபுறம் சாய்ந்திருந்தால், அதனடியில் எவரையும் நிற்க விடாது, அனுபவமுள்ள கட்டடக்காரரை அழைக்கவேண்டும். செங்கற்களின் முகம் உரிந்து விழுந்திருக்கிறதா? வெடிப்பிலே பாசியும் பன்னமும் வளர்ந்திருக்கின்றனவா? செடி வேரூன்றிய இடத்தில் நீரும் நிற்கும். உச்சியிலுள்ள மேற்பூச்சு வெடித்திருக்கிறதா? மழையைத் தடுக்க யாரேனும் தகரத்தாலோ பலகையாலோ உச்சியை மூடியிருக்கிறார்களா? தகர மூடி பல காலத்துக்கு முன் போடப்பட்டு, பின்வந்தோரால் மறக்கப்பட்டிருக்கலாம். அதை அறியாது கீழே தீ மூட்டினால், வெளியேற வழியற்ற புகை அறையையே நிரப்பும்.

புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்தில் ஈயத்தகடோ வேறு தகடோ பதித்திருப்பார்கள். அது விலகியிருந்தால் மழைநீர் உள்ளே கசியும். உயரத்தையும் கவனிக்க. புகைபோக்கியின் உச்சி, கூரையை விட்டு எழும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும். 10 அடித் தூரத்துக்குள் உள்ள கூரையின் எப்பகுதியைவிடவும் 2 அடியாவது மேலே நிற்றல் வேண்டும். இன்றேல் காற்று கூரைமீது மோதிப் புகையைக் கீழே அமுக்கும். கட்டிய நாளிலே கன்றாக இருந்த சவுக்கும் யூக்கலிப்டசும் இன்று பெருமரங்களாகிப் புகைபோக்கிக்கு மேலாகக் கவிந்திருந்தால், அவையும் இதே தொல்லையைத் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். பழைய புகைபோக்கிகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு மென்மையானது, வெப்பத்தினாற் சுவர் விரிந்து சுருங்கும்போது அதற்கு இடங்கொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். அதன் இணைப்புகள் தேய்ந்துவிட்டன என்று கண்டவுடன், வலிமை மிக்கதென நம்பி, சிலர் சீமெந்துச் சாந்தைப் பூசிவிடுகின்றனர். சீமெந்து செங்கல்லைவிடக் கடினமானது. ஈரம் இணைப்பின் வழியாக வெளியேற முடியாமற் செங்கல்லிலேயே தங்கும். காலப்போக்கிற் செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். சுண்ணாம்பாற் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே திருத்துவது நன்று.

இரண்டாவதாக, கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள இருண்ட வெளிக்குச் செல்லவேண்டும். பலரும் பார்க்காது விடும் இடம் இது. மிகுதியான உண்மைகளைக் கூறும் இடமும் இதுவே. டோர்ச் விளக்கைக் கொண்டு புகைபோக்கியின் புறச்சுவரை ஆராய்க. இணைப்புகளின் வழியே கறுப்புக் கோடுகள் படிந்திருந்தால், முன்னொரு காலத்தில் அவ்வழியே புகை கசிந்தது என்பது தெளிவு. மஞ்சளும் கபிலமுமான கறைகள் நீர்க்கசிவைக் காட்டும். வளைமரங்களோ கைமரங்களோ புகைபோக்கியைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சில வீடுகளில் மரத்தின் நுனியையே புகைபோக்கிச் சுவருக்குள் செருகியிருப்பார்கள். நெடுங்காலம் சூடேறி வந்த மரம் சிறிது சிறிதாகக் கரியின் தன்மையை அடைகிறது. புது மரம் தீப்பற்றும் வெப்பத்திலும் குறைந்த வெப்பத்திலேயே அது பற்றிக்கொள்ளும். முப்பது ஆண்டுகளாக ஒன்றும் நேரவில்லை என்பது முப்பத்தோராம் ஆண்டுக்கு உறுதிமொழி ஆகாது. பின்னாளிற் பொருத்திய மின்கம்பிகள் புகைபோக்கியின்மீது சாத்தப்பட்டிருந்தால் அவற்றையும் விலக்கவேண்டும். மரநாய்கள் சேர்த்த சருகும் பறவைகள் கொணர்ந்த வைக்கோலும் அங்கு கிடப்பின், அவற்றை அகற்றாது மேலே செல்லலாகாது.

மூன்றாவதாக, வீட்டின் அறைகளைச் சுற்றி வருக. கணப்புக்கு மேலுள்ள சுவரில் ஈரமும் கபிலக் கறையும் உண்டா? மழைக்குப் பின் புகைக்கரியின் கார நெடி வீசுகிறதா? ஒரே புகைபோக்கித் தண்டினுள் இரண்டு மூன்று அறைகளின் புகைவழிகள் அருகருகே செல்வது பழைய வீடுகளின் வழக்கம். அவற்றைப் பிரிப்பது ஒரு செங்கல் அகலமுள்ள இடைச்சுவர் மட்டுமே. அதில் ஒரு செங்கல் விழுந்துவிட்டாற் போதும். வரவேற்பறையில் மூட்டிய தீயின் வாயு, குழந்தைகள் உறங்கும் அடுத்த அறையின் கணப்பு வழியாக இறங்கிவரும். ஆகவே, பயன்படுத்த எண்ணும் கணப்பை மாத்திரம் பார்த்தாற் போதாது. பலகையால் மூடிய மற்றைய கணப்புகளையும், சுவரில் முன்பு இரும்பு அடுப்பின் குழாய் செருகியிருந்து பின்னர் பூசி மறைக்கப்பட்ட துளைகளையும் தேடிக் காணவேண்டும்.

நான்காவதாக, கணப்பின் முன்னே அமர்வோம். உட்சுவரின் செங்கற்களை ஒரு சிறு சுத்தியலின் கைப்பிடியாற் மெல்லத் தட்டுக. நல்ல செங்கல் கணீரென்று ஒலிக்கும். கழன்றது மந்தமாக ஒலிக்கும். இணைப்புகளை ஓர் ஆணியாற் சுரண்டிப் பார்க்க. சாந்து மணலாகக் கொட்டினால் அதனைப் புதுப்பிக்காமல் தீயிடக் கூடாது. தீ நேரே படும் இடத்தில் வெடிப்பு இருந்தால், அதன் பின்னாலிருப்பது என்னவென்று அறியும்வரை பொறுத்திருக்கவேண்டும். தொண்டையில் இரும்பாலான மூடுதகடு உண்டாயின், அது துருவேறி இறுகிக் கிடக்கும். முற்றாகத் திறக்கவும், திறந்த நிலையில் நிற்கவும் அது இயலவேண்டும். கணப்பின் முன்னே தரையில் 16 அங்குலமாவது கல்லோ ஓடோ பதித்திருத்தல் அவசியம். தெறிக்கும் தீப்பொறி பலகைத் தரையில் விழலாகாது. அக்கல்லின் கீழே மரச்சட்டங்கள் உளவா என்பதையும், இயலுமாயின் தரையின் அடியிலிருந்து பார்க்கவேண்டும்.

ஐந்தாவது படி புகைவழியின் உட்புறம். ஒரு கண்ணாடியைக் கணப்பினுள் சரித்துப் பிடித்து, டோர்ச் விளக்கை மேல்நோக்கிக் காட்டுக. நேரான புகைவழியாயின் உச்சியில் வானம் தெரியும். வளைவுள்ள புகைவழியில் வானம் தெரியாது. அதற்காக அடைப்பு உண்டென்றும் கொள்ளலாகாது, இல்லையென்றும் கொள்ளலாகாது. இக்காலத்தில் நீண்ட கம்பியின் நுனியிற் பொருத்திய சிறு கமெராக்கள் கிடைக்கின்றன. நீர்க்குழாய்களின் அடைப்பைக் காண அவற்றைப் பயன்படுத்துவோர் நகரங்களில் உளர். அத்தகைய கருவியொன்று புகைவழியின் முழு நீளத்தையும் நமக்குக் காட்டிவிடும்.

பழைய புகைவழிகளின் உட்பூச்சு பற்றி ஒரு செய்தி நமக்கு வியப்பளிக்கும். இங்கிலாந்திலே முற்காலத்திற் சுண்ணாம்புச் சாந்தோடு மாட்டுச் சாணத்தைக் கலந்தே புகைவழியின் உட்புறத்தைப் பூசினர். நம் முன்னோர் தரை மெழுகிய அதே சாணம், அங்கு புகைக்குக் கவசமாயிற்று. ஆனால் அப்பூச்சு அழியாததன்று. வெப்பத்தினாலும் அமில ஈரத்தினாலும் உதிர்ந்துவிடும். சுட்ட மண்குழாய் போன்ற உட்காப்பைக் கட்டாயமாக்கிய விதிகள் அந்நாட்டிலே 1965ஆம் ஆண்டிலேயே வந்தன. ஆகையால், அந்நாட்டு முறையைப் பின்பற்றி நூறாண்டுகளுக்கு முன் இங்கே கட்டப்பட்ட புகைபோக்கியில் உட்குழாய் இருக்குமென எதிர்பார்க்க முடியாது. உட்பூச்சு உதிர்ந்துவிட்டதாயின், துருப்பிடியா உருக்குக் குழாயொன்றை மேலிருந்து உள்ளே இறக்குவது ஒரு பரிகாரமாகும்.

இனி, கரிப்படிவைப் பார்ப்போம். விறகு முற்றாக எரியாதபோது எழும் ஆவிகள், குளிர்ந்த புகைவழியின் சுவரிற் படிந்து உறைகின்றன. இதற்குக் கிரியோசோட்டு என்று பெயர். அது மூன்று வடிவங்களிலே தோன்றும். தூளாகவும் சருகு போலவும் உதிர்வது முதல் வகை. தூரிகையால் எளிதில் நீக்கலாம். தார் போன்று பிசுபிசுப்பது இரண்டாவது. கறுத்த கண்ணாடி பூசியது போல மினுங்குவது மூன்றாவது; அதனைத் தூரிகை அசைக்காது. எட்டில் ஓர் அங்குலத் தடிப்பு உண்டானாலே சுத்திகரிக்கவேண்டுமென்பது இத்துறையினரின் விதி. இப்படிவு தீப்பற்றினாற் புகைவழிக்குள் வெப்பம் 1,000 பாகை செல்சியசுக்கும் மேல் ஏறும். புகையிரதம் விரைவது போன்ற இரைச்சல் கேட்கும். அவ்வேளையிலே கணப்பினுள் நீரை ஊற்றலாகாது; சடுதியாக எழும் நீராவியாற் சுவர் வெடிக்கும். யாவரும் வீட்டைவிட்டு வெளியேறித் தீயணைப்புப் படையினரை அழைப்பதே செய்யத்தக்கது.

புகைக்கரியைக் கூட்டுவோர் மூக்கையும் வாயையும் மூடுகவசத்தால் மறைத்து, கையுறையும் அணியவேண்டும். இது வெறும் துப்புரவுக்காக அன்று. 1775ஆம் ஆண்டிலே பேர்சிவல் பொட் என்ற இலண்டன் சத்திர வைத்தியர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடையே காணப்பட்ட ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணமென வெளியிட்டார். தொழிலொன்றினாற் புற்றுநோய் உண்டாகும் என்பதற்கு மருத்துவ உலகம் பெற்ற முதற் சான்றுகளில் அது ஒன்று. சிறுவர்களைப் புகைவழிக்குள் ஏற்றித் துடைத்த கொடுமையும் அந்நாட்டிலே நெடுங்காலம் நிகழ்ந்தது. கரி நீக்கும் வேலையிற் சிறுவர்களை எக்காரணங்கொண்டும் ஈடுபடுத்தலாகாது.

புகைவழியில் தேன்கூடு இருப்பின், அதனைப் புகையூட்டி எரித்துவிட முயல்வது பேதைமை. தேன்மெழுகு தீப்பற்றும் பொருள். சினங்கொண்ட தேனீக்களோ வீட்டுக்குள் இறங்கும். தேன் எடுப்பதிற் பழக்கமுள்ளவரைக் கொண்டு கூட்டை முழுமையாக அகற்றுக.

இவ்வைந்தும் நிறைவேறிய பின்பே புகைச் சோதனை. ஈரவைக்கோலைச் சிறிதளவு ஓர் இரும்புத் தட்டிலிட்டு, கணப்பினுள் புகையச் செய்க. புகை மேலெழுந்து உச்சியில் வெளிவருகிறதா என ஒருவர் வெளியே நின்று காண்க. பின்னர், உச்சியைச் சிறிது நேரம் ஈரச்சாக்கினால் மூடி, கணப்பின் வாயையும் பலகையால் அடைத்து, வேறிருவர் சீலிங்கின் மேலும் அடுத்த அறைகளிலும் கவனிக்கவேண்டும். எங்கேனும் புகை கசிந்தால் அங்கே வெடிப்பு உண்டு. உடனே அடைப்புகளை நீக்கி, யன்னல்களைத் திறந்து, புகையை வெளியேற்றுக. சாக்கை மறவாது எடுத்துவிடுக.

கசிவு இல்லையாயின், இறுதியாக ஒரு சிறு தீ. முதலிற் காகிதச் சுருளொன்றைக் கொளுத்தித் தொண்டையருகே பிடித்தாற் குளிர்ந்து கிடக்கும் புகைவழி சூடேறி இழுப்பு உண்டாகும். பின்னர் நன்கு உலர்ந்த விறகிலே இரண்டு மூன்று சிறு துண்டுகள் போதும். நெடுநாள் ஈரம் குடித்த சுவரைச் சடுதியாகச் சூடாக்கினால் அது வெடிக்கும்; ஆதலாற் சில நாட்களுக்குச் சிறு தீயாகவே மூட்டி, படிப்படியாகப் பெருக்கவேண்டும். யன்னல் ஒன்று சிறிது திறந்தே இருக்கட்டும். உறங்கச் செல்லுமுன் தீ முற்றாக அணைந்திருக்கவேண்டும். இன்று காபனோரொட்சைட்டு வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் விற்பனையாகின்றன. கணப்புள்ள வீட்டில் அதில் ஒன்று இருத்தல் நன்று.

இந்தக் காபனோரொட்சைட்டைப் பற்றி இன்னும் சில சொற்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் இணைவது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், அயர்வு என்பன அதன் அறிகுறிகள். மலையேறி வந்த பயணி இவற்றைக் குளிரினாலும் பயணக் களைப்பினாலும் வந்தவை என்று எண்ணிக் கதவை இன்னும் இறுக மூடிப் படுத்துவிடுவார். அந்த உறக்கத்திலிருந்து அவர் எழாமலே போகக்கூடும். ஒரே அறையில் உள்ள இருவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், உடனே வெளிக்காற்றுக்குச் செல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சு வண்டியை அழைக்கவேண்டும். கணப்புச் சரியில்லை என்று கண்டபின், அதற்குப் பதிலாகக் கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுசெல்வது அதனினும் கொடிய பிழை; கரியடுப்புக்குப் புகைபோக்கியே இல்லை. போர்வைகள் இரண்டைக் கூட்டிக்கொள்வது எவ்வளவோ மேல்.

பரிசோதனையின் முடிவிலே, திருத்துவதற்குச் செலவு மிகுதி என்று தோன்றினால், கணப்பை அழகுப் பொருளாகவே விட்டுவிடலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மேலும் கீழும் காற்றுப்புக முடியாதபடி அடைத்துவிடாமல், உச்சியில் மழை புகாத மூடியும், அடியிற் காற்றுத்துளையும் வைக்கவேண்டும். "இதில் தீ மூட்டலாகாது" என்று கணப்பின்மேல் தெளிவாக எழுதியும் வைக்கவேண்டும். நாம் அறிந்ததைப் பின்வருவோர் அறியமாட்டார்கள் அல்லவா?

அந்நாளிலே பங்களாவின் கணப்பை மூட்டியவர் துரை அல்லர். அங்கு வேலை செய்த அப்புவும் பங்களாத் தொழிலாளருமே. எந்தக் காற்றுக்கு எந்தப் புகைபோக்கி திணறும், எந்த மழைக்குப் பின் எது கசியும் என்பதெல்லாம் நாள்தோறும் சாம்பல் அள்ளியவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். மாலையில் அவர்கள் திரும்பிய லயக் காம்பராக்களிலோ புகைபோக்கி இருந்ததில்லை. சமையற் புகை அங்கேயே சுழன்றது. அவர்களுடைய அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. இன்று அப்பழைய கணப்பின் முன்னே தீக்குச்சியோடு நிற்பவர், அவர்கள் கண்ணாற் கண்டறிந்ததைத் தாமே தேடி அறியவேண்டியவராகிறார். வெளியே பார்த்து, மேலே பார்த்து, உள்ளே பார்த்து, கூட்டி, புகையிட்டு, அதன் பின்னரே அவர் அந்தக் குச்சியை உரசட்டும்.